மொட்டையடித்த கொடி

மீன் கழுவிய தண்ணீரைச் செங்கம்மாள் வீணாக்க மாட்டாள். பழவேற்காட்டு மடவையை அலசியதும் சட்டியோடு தூக்கிப்போய்ப் பின்கட்டில் திராட்சைக் கொடியின் வேரில் ஊற்றுவாள். ஊற்றும்போதே மதில்மேல் ஒரு பார்வை போகும், யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று.

மீனை வாங்குவதற்குள் செவுளை விரித்து, வயிற்றை அமுக்கி, மீன்காரியின் முகத்தையும் ஒருமுறை படித்துவிடுவாள். பால்காரன் அவள் வாசலில் மட்டும் சத்தியம் செய்துவிட்டுத்தான் பால் ஊற்றுவான். மணவறையிலேயே தாலியைக் கடித்துப் பார்த்தவள் என்று புதுவாயல் ஊரில் ஒரு பேச்சு உண்டு. "கடிச்செல்லாம் பாக்கல. நகத்தால சொரண்டித்தான் பாத்தேன்" என்பாள்.

கொடி 1968இல் வந்தது. குச்சி கொடுத்தவள் பக்கத்து வீட்டு அங்காளம்மாள். செங்கம்மாளின் கணவன் குப்புராஜுக்கு அண்ணி, கணவனை இழந்து தனியாக இருந்தவள். மூன்று வருஷத்தில் செங்கம்மாளின் பந்தல் வெயில் நுழையாதபடி இலையால் மூடிக்கொண்டது. காய் மட்டும் இல்லை. அங்காளம்மாள் பந்தலிலோ கோடைக்குக் கோடை கொத்துக் கொத்தாய்ப் பன்னீர் திராட்சை.

"இன்னாக்கா, மலட்டுக் குச்சியா பாத்து எனக்குக் குடுத்துட்டியா?"

"அடிப் போடி. நம்ம ஊரு வெயில்ல இது தானா இல உதுக்காது. தை மாசம் தண்ணிய நிறுத்திட்டு மொட்டையா வெட்டி உடு. காய்க்குதா இல்லியா பாரு."

அன்று சோறு போடும்போது செங்கம்மாள் கணவனிடம் சொன்னாள்: "பச்சக் கொடிய வெட்டச் சொல்றாய்யா உங்க அண்ணி. அவ பந்தல்ல மட்டும் காய் தொங்கணுமாம்."

குப்புராஜ் எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்தான். வாயைத் திறந்தால் ஒன்றுக்கு இரண்டாகக் கேள்வி வரும் என்று தெரிந்தவன். குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இத்தனைக்கும் அந்தத் தெருவில் அவள் நம்பிய ஒரே ஆள் அங்காளம்மாள்தான். ஜுரத்தில் கிடந்தபோது அவள் கொண்டுவந்த கஞ்சியை மட்டும்தான் முகர்ந்து பார்க்காமல் குடித்தாள்.

எழுபத்தொன்று தை மாதம் செங்கம்மாளின் தம்பி மகளுக்குத் திருவாலங்காட்டில் காதுகுத்து. குப்புராஜ் தனக்கு ரெண்டு நாளும் டபுள் டூட்டி, ஆலையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னான். வீட்டைப் பூட்டிச் சாவியை அங்காளம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து பின்கட்டுக் கதவைத் திறந்தபோது பந்தலில் வானம் தெரிந்தது. இலை ஒன்று இல்லை. பழுப்புக் கழிகள் மட்டும் எலும்பு எலும்பாகக் கிடந்தன. வெட்டிய முனைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்ததைக் கொன்றிருக்கிறார்கள் என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நடுத்தெருவில் நின்று கத்தினாள். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியே, பாவி!"

"நான் தொடலடி" என்றாள் அங்காளம்மாள்.

"சாவி உங்கிட்டதான இருந்துச்சு?"

அங்காளம்மாளின் கண் கூட்டத்தைத் தாண்டிப் போனது. அப்போதுதான் வேலையிலிருந்து வந்த குப்புராஜ் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "உடு செங்கம்மா, கொடிதான" என்றான்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. செங்கம்மாள் தெருவில் வருவோர் போவோரிடமெல்லாம் கொடி செத்த கதையைச் சொன்னாள். மாசியில் கணுவுக்குக் கணு தளிர் வெடித்தது. தளிரோடு கடுகு போலப் பூங்கொத்தும் வந்தது. சாகிற கொடியின் கடைசி மூச்சு என்றே அதையும் சந்தேகப்பட்டாள். வைகாசியில் கறுத்துத் திரண்ட பழம் ஒன்றைக் கடித்துப் பார்த்தபோது சந்தேகப்பட ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே வாரம் மீன்காரி சொன்னாள், அங்காளம்மாள் மீஞ்சூரில் மகளோடு போய் இருந்துவிடப் போகிறாளாம்.  இனி செங்கம்மாள் யார் கஞ்சியை நம்பிக் குடிப்பாள்? நல்ல கொத்தாக ஒன்று அறுத்து, மன்னித்துவிடும் முகத்தோடு பக்கத்து வீட்டுக்குள் போனாள். அங்காளம்மாள் பாத்திரங்களைக் கோணியில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ வெட்டினதும் நல்லதுக்குதான். நான்தான் வாய உட்டுட்டேன்."

"நான் எங்க வெட்டினேன்? தம்பிதான் வெட்டிச்சு."

"எந்தத் தம்பி?"

"உன் புருஷன்டி. மிஷின் ரிப்பேருன்னு மத்தியானமே வந்துச்சு. சாவி வாங்கினு போயி வெட்டிட்டு, திரும்ப நைட் டூட்டிக்குப் போயிடுச்சு. நீ கத்தினியே, அன்னிக்கே எங்கிட்ட வந்து, 'அண்ணி, அவ கோவம் ஆறட்டும், நானே சொல்றேன்'னுச்சு. நானும் நாலு மாசமா கம்னு கேட்டுக்கினு இருக்கேன்."

"போவாதக்கா."

"தெருவுல வச்சிதான என்னப் பேசின? தெருவுல வந்து தம்பி சொல்லட்டும், நான்தான் வெட்டினேன்னு. அப்பறம் இந்தக் கோணிய அவுக்குறேன். வண்டி இப்ப வந்துடும்."

செங்கம்மாள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். குப்புராஜ் உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்யா சொல்லல?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தான். "சொல்லத்தான் இருந்தேன். வந்ததும் வராததுமா நீ அண்ணியப் புடிச்சிக்கின. அப்பறம் சொன்னா, ரெண்டு பேரும் சேந்து செஞ்சிட்டீங்கன்னு ஆரம்பிப்ப. பயந்துட்டேன்."

"அவ கெளம்புறா. தெருவுல நின்னு நீ சொன்னா இருந்துடுவாளாம்."

"சொல்றேன். வா, இப்பவே சொல்றேன்." எழுந்து செருப்பை மாட்டினான்.

வெளியே மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. அவள் நகர்ந்து வழி விட்டிருந்தால் போதும். வாசல் நிலையில் கையூன்றி நின்றாள். மத்தியானம் வந்தான். சாவி வாங்கினான். நைட் டூட்டிக்குத்தான் திரும்பினான். நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மனசு அளக்க ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கி மத்தியானம் நீ சோறு எங்கய்யா துன்ன?"

குப்புராஜ் அவளைப் பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய டூட்டிப் பையை எடுத்துக்கொண்டு, நிலையில் இருந்த அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு, அண்ணி வீட்டு வாசலில் நின்ற மாட்டுவண்டியைத் தாண்டி நேராக ரயிலுக்குப் போனான்.