'படம் இல்லை' என்ற படம்

1

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் நடந்த இணைய வானொலியில் நான் பாட்டுப் பதிவாளராக வேலை பார்த்தேன். ஒலிபரப்பாகும் ஒவ்வொரு பாட்டுக்கும் கணினியில் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும்: பாட்டு, பாடியவர், ஆண்டு, படம். நான்கும் நிறைந்தால் பச்சை. ஒன்று காலியென்றாலும் சிவப்பு. அந்த மென்பொருளை எழுதியவர் தமிழர் என்பதற்கு நான்காம் கட்டமே சாட்சி.

ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஆரம்பகால ஜாஸ் பாட்டுகளைத் தமிழ் அறிமுகத்தோடு போடலாம் என்றேன். நிர்வாகி குணாளன் அரை மனதோடு சம்மதித்தார். பன்னிரண்டு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுகளை இரண்டு புத்தகங்களில் ஒப்பிட்டுப் பதிந்தேன். பன்னிரண்டும் சிவப்பு.

"அங்கிள், படம் காலியா இருக்கு."

"படம் இல்ல பாஸ். நடனக் கூடத்துல பாடினது. அப்போ சினிமா பேசவே ஆரம்பிக்கல."

"படம் இல்லாம பாட்டு எப்படி லா வரும்?"

அங்கே கதை தலைகீழ் என்று விளக்கினேன். முதலில் பாட்டு பிரபலமாகும். பல வருடம் கழித்து யாராவது அதன் தலைப்பையே வைத்து, நடுவில் ஒரு காதலைச் செருகி, இசைப்படம் எடுப்பார்கள்.

"அப்ப அந்தப் படத்தையே போடுங்க. வேல முடிஞ்சுது."

"ஆண்டு இடிக்கும் பாஸ். மகன் பேர அப்பாவுக்கு இனிஷியலா போடச் சொல்றீங்க."

குணாளன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள பச்சை வரணும். இல்லன்னா அந்த நேரத்துக்கு ஜோசியம் போட்டுருவேன்."

2

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு கட்டங்களிலும் 'படம் இல்லை' என்று தட்டினேன். பன்னிரண்டும் பச்சை. என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு மாலை செந்தூல் வீட்டில் வானொலியைக் கேட்டேன். அறிவிப்பாளர் ரேணுகா திரையில் வருவதை அப்படியே வாசிப்பவர். திரையோ கட்டத்தில் இருப்பதோடு ஒரு சொல்லைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

"அடுத்து, 'படம் இல்லை' திரைப்படத்திலிருந்து..."

ரேணுகாவுக்குப் போன் செய்தேன். நேரலையில் இருப்பவர் எப்படி எடுப்பார்? நான்காம் பாட்டில் அவருக்கே வியப்பு: "ஒரே படத்துல இத்தனை ஹிட்டா, நேயர்களே!"

நேயர் அழைப்பில் கிள்ளானிலிருந்து ஒருவர் வந்தார். "தங்கச்சி, அந்தப் படத்த நான் சின்ன வயசுல மூணு தடவ பார்த்தேன். ஹீரோயின் கடைசில செத்துருவா. பாவம்."

3

திங்கட்கிழமை குணாளன் முகமெல்லாம் பல். "போன் மேல போன், அங்கிள்! இனிமே இது நிரந்தரம். அடுத்த வாரம் படத்தோட கதையையும் சொல்லிருங்க."

"கதையா? திருத்தம் சொல்லணும் பாஸ்."

"சொன்னா ஆளுங்க ஓடிருவாங்க. அப்புறம் ஜோசியந்தான். யோசிச்சுக்கங்க."

ஒரு வாரம் யோசித்தேன். ஜாஸைத் தமிழில் கேட்க எனக்கு இருந்த ஒரே மணி நேரம் அது. ஆனால் காற்றில் போன பிழை அடுத்த வருடம் யாராவது ஒருவருடைய கட்டுரையில் வந்து உட்காரும். அப்படி உட்கார்ந்த பிழைகளைக் கிளப்புவதிலேயே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. ஞாயிறன்று ஒலிவாங்கியின் முன் நானே உட்கார்ந்தேன்.

"நேயர்களே, சென்ற வாரம் பிழை நேர்ந்துவிட்டது. 'படம் இல்லை' என்று ஒரு படம் இல்லை."

கண்ணாடிக்கு அப்பால் குணாளன் தலையில் கை வைத்தார். உடனே கிள்ளான்காரர் அழைத்தார்.

"சரியா சொன்னீங்க அங்கிள். நானும் ஊரெல்லாம் தேடிட்டேன், எங்கயும் இல்ல. பழைய படத்த யாரு பத்திரமா வச்சிருக்கா? நீங்க பாட்டயாவது போடுங்க."

நிகழ்ச்சி நிலைத்தது. இப்போது படக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போடுகிறேன்; அதற்கும் பச்சை வருகிறது. போன வாரம் கிள்ளான்காரர் கேட்டார்: "பேரச் சொல்ல மாட்டேங்கறீங்களே, சென்சார்ல வெட்டிட்டானா?"

பதிவு வேலைக்கு வரும் இளையவர்களுக்கு: ஆண்டைச் சரிபார்த்து எழுதுங்கள், தெரியாததற்குக் கோடு போடுங்கள். நம் வேலை அத்தோடு முடிந்தது. அந்தப் படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தோம் என்பதை நேயர்கள் நினைவுபடுத்திக்கொள்வார்கள்.