சலவைக்கூடத்து மூன்று நிமிடம்

என் அக்காவுக்குக் காலில் சக்கரம். இருபத்து மூன்று வருடத்தில் பதினொரு ஆவணப்படம் எடுத்தவள். சவக்குழி வெட்டுகிறவர்கள், லிப்ட் இயக்குகிறவர்கள், பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்களாகத் தேடிப் போவாள். ஒரு படம் முடிந்த மறுநாளே அடுத்ததற்குப் பெட்டி கட்டிவிடுவாள். ஒலிப்பதிவுக்கு நான். தம்பியாகப் பிறந்த பாவம், வேறென்ன? இத்தனை படத்தில் ஒன்றைக்கூட எந்தத் தொலைக்காட்சியும் சீந்தவில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படத்தை முதலில் பார்ப்பது அதில் இருக்கிறவர்கள்தான். அவர்கள் இடத்திலேயே வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவாள். யாராவது "இது வேண்டாம்" என்றால் மறுபேச்சில்லாமல் வெட்டிவிடுவாள். எத்தனை அருமையான காட்சிகள் அப்படிப் போயின! வயிறு எரிந்து கத்தியிருக்கிறேன்.

பன்னிரண்டாவது படம், ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் துணி துவைக்கும் பெண்களைப் பற்றியது. ரத்தம் பட்ட விரிப்புகளை இயந்திரத்தில் போடும் முன் கையால் அலச வேண்டும். முறை வைத்துச் செய்வார்கள். அங்கே முதல் தப்பு என்னுடையது. வயதில் மூத்த சலவைக்காரம்மாவின் தோளில் குத்தியிருந்த குட்டி மைக்கைக் கழற்ற மறந்து டீ குடிக்கப் போய்விட்டேன். அவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் பேசியதெல்லாம் பதிவாகிவிட்டது.

"என் பொண்ணுக்குப் பிரசவம் இங்கதான், மேல மூணாவது மாடில. எனக்கு ஆபீஸ்ல வேலைன்னு அவ மாமியார் வீட்ல சொல்லி வச்சிருக்கா. இந்தக் கோலத்துல எப்படி மேல போறது? அவ 'அம்மா, அம்மா'ன்னு கத்தினாளாம். நான் கீழ அவ விரிப்பை அலசிட்டிருந்தேன். சாயங்காலம் வேற துணி மாத்திக்கிட்டு, பார்க்க வர்றவங்க வரிசைல நின்னு போனேன். வெளியூர் போயிருந்தேன்னு சொல்லிட்டேன். நேரத்துக்கு வரலன்னு என் பொண்ணு இன்னும் குத்திக் காட்டறா."

கேட்டுவிட்டு அக்கா வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

"முதல்ல அவங்ககிட்ட கேளுக்கா," என்றேன்.

"படம் போடும்போது கேட்டுக்கலாம்டா."

சுழலும் இயந்திரங்களின் காட்சி மேல் அந்தக் குரலை ஓடவிட்டாள். அது மட்டுமா? வழக்கத்தை மீறி, ஒரு தொலைக்காட்சிக்காரரிடம் முதலில் காட்டினாள். அந்த மூன்று நிமிடம் இருந்தால் ஒளிபரப்புகிறேன் என்றார் அவர்.

பிறகுதான் சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணி கட்டினோம். சாப்பாட்டு இடைவேளை. ஒருத்தியை ஒருத்தி திரையில் பார்த்துச் சிரித்து உருண்டார்கள். அந்தக் குரல் வந்ததும் சலவைக்காரம்மா எழுந்துவிட்டார்.

"இதை எப்ப புடிச்சீங்க?"

"முகம் தெரியலயேம்மா, குரல் மட்டும்தானே," என்றாள் அக்கா.

"என் குரல் சம்பந்திக்குத் தெரியாதா? எடுத்துடுங்க."

"டிவில வரப்போகுதும்மா. பன்னெண்டு படத்துல இதுதான் முதல் தடவை..."

அக்கா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"அக்கா, போதும் விடு!" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தம்மாவின் கண்ணெதிரிலேயே மடிக்கணினியில் அதை வெட்டினாள்.

அந்தம்மா பக்கத்தில் வந்து குனிந்தார். "ஒரேயடியா அழிச்சிடாதீங்க. என் பொண்ணுக்கு மட்டும் அனுப்புங்க. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல," என்று மகளின் கைபேசி எண்ணைக் கொடுத்தார்.

தொலைக்காட்சிக்காரர் கைவிரித்துவிட்டார். மூன்று நாள் அக்கா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

"கொஞ்சம் உட்காரேன்க்கா, தலை சுத்துது!"

"எப்படிடா உட்கார? தெரிஞ்சுதானேடா கேட்காம வச்சேன். வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு தெரிஞ்சுதானே."

நான்காம் நாள், நாங்கள் அனுப்பிய குரலைக் கேட்ட மகளிடமிருந்து பதில் வந்தது, ஒரே வரி. படித்ததும் அக்கா செருப்பை மாட்டினாள். கேமரா இல்லாமல் அவள் கிளம்பி அன்றுதான் பார்த்தேன்.

சலவைக்காரம்மா ஈரக்கையோடு வந்தார். அக்கா படித்துக் காட்டினாள்: "அது என் விரிப்புன்னு அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அவர். "அன்னிக்குப் பிரசவ வார்டுலேர்ந்து நாப்பது விரிப்பு வந்துச்சு. ஒருத்தியையும் தொட விடல. எல்லாத்தையும் நானே அலசினேன்."