தேயிலைப் பெட்டியில் வைத்த கோப்பிக்காசு

"கிடைக்கப்பெறும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு வாரங்களுக்குள் பதில் அனுப்பப்படும்." கொழும்பில் உள்ள ஒரு காட்சிசாலை தன் வாசல் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும் விதி இது. கல்வி அலுவலகம் ஒன்றின் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதி எது, சுவர் அலங்காரம் எது என்று பிரித்தறியத் தெரியும். இருந்தும் எழுதினேன், பதிவுத் தபாலில்.

எங்கள் அப்பா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கான் வெட்டியவர். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் தோண்டுவது அவர் வேலை. அந்த மண்ணில் தேயிலைக்கு முன்பு கோப்பி இருந்தது. கோப்பிக் காலத்துத் துரைமார் சில்லறை கிடைக்காதபோது, தோட்டத்தின் பெயரை அடித்த செப்பு வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தார்கள். அவை அப்பாவின் மண்வெட்டியில் எப்போதாவது மாட்டும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அப்பா வாயில் போட்டுக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்துவிடுவார். அன்றைக்கு அவர் யாருடனும் பேசாமல் வருவதைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒரு புகையிலை டின் நிறைந்தது.

மலையகப் பொருட்களுக்கென ஓர் அறை திறக்கப்போவதாகவும், கொடுப்பவர் சொல்லும் பெயர் அட்டையில் எழுதப்படும் என்றும் காட்சிசாலை அறிவித்தது. அதன் பிறகு என் அண்ணனுக்கு வேறு பேச்சில்லை. அப்பாவின் பெயர் தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அதிலும் பிழையாகத்தான் இருந்தது. அவரைப் புதைத்த இடத்தில் தோட்டம் மறுநடவு செய்துவிட்டது. இப்போது அங்கே நல்ல கொழுந்து வருகிறது. அப்பாவின் பெயரைக் கண்ணாடிக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலைத் தூசியில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த பழைய டீமேக்கர் அவர். அதிக நாள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டின் துருப்பிடித்திருந்தது. வில்லைகளை எதில் வைப்பது என்பதில் தொடங்கியது சண்டை.

ஹட்டன் கடைகளில் கிடைப்பது மெல்லிய பிளாஸ்டிக் பைகள் கொண்ட ஆல்பம். அதுதான் இருப்பதிலேயே மோசம். நாளடைவில் அதிலிருந்து எண்ணெய் கசிந்து செம்பைப் பச்சைப் பிசினாக்கிவிடும். நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைச் சட்டம் பரவாயில்லை, ஆனால் அதைக் குத்தும் கம்பிகள் நம் ஊர்ப் பனியில் ஒரே மழைக்காலத்தில் துருவேறும். இறுக மூடும் கெட்டிப் பிளாஸ்டிக் சிமிழ்தான் உத்தமம். அதை அரசாங்க நாணயங்களின் அளவுக்குத்தான் செய்கிறார்கள். எங்கள் வில்லைகளோ துரைக்குத் துரை வேறு அளவு. பெரிய சிமிழில் போட்டால் குலுங்கித் தேயும், சின்னதில் நுழையாது. ஆகவே எது சரி, அதுவரை எப்படி வைப்பது என்று கேட்டுக் காட்சிசாலைக்கு எழுதினேன். பதில் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அடுத்த முறை மஸ்கெலியாவுக்குப் போனபோது, அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. அதில் காய்ந்த தேயிலைத் தூளைப் பரப்பி, வில்லைகளை வரிசையாக அடுக்கி, மேலேயும் தூளைக் கொட்டி மூடியிருந்தார்.

"ஈரத்த எல்லாம் தேயிலை இழுத்துக்கும்டா தம்பி. இந்தப் பெட்டியில போட்டுத்தான் லண்டனுக்கு அனுப்புனோம். கடல்லயே கெடாதது, கட்டிலுக்கு அடியிலயா கெடப் போவுது?"

"இழுத்த ஈரத்த அது எங்க கொண்டு போய் வைக்கும்? காசு மேலதான அண்ணே. பலகையிலயும் புளிச்ச ஆவி வரும்."

"நடுவுல ஈயத்தாள் இருக்குல்ல."

"அது கிழிஞ்சு போயிருக்கு."

"நீதான் கிழிஞ்சு போயிருக்க. போய் ஒன் கடுதாசிக்குப் பதில் வந்துச்சான்னு பாரு. வந்தா சொல்லு, இதே தூள்ல டீ ஊத்தித் தாரேன்."

நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு பணிப்பாளருக்குப் பிரதியிட்டு இன்னொன்று. தென்மேற்கு மழை பிடித்தது. துணி காயவில்லை, சுவர் வியர்த்தது, தீப்பெட்டி நமத்தது. பெட்டியை மட்டும் அண்ணன் திறக்கவே இல்லை. தேயிலையை அடிக்கடி திறந்து பார்ப்பவன் நல்ல டீமேக்கர் இல்லையாம்.

நான் முறையாக எழுதிக்கொண்டிருக்க, அவர் யாரையோ பிடித்து நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிட்டார். மலையகத்தில் பொருட்கள் பார்க்க வந்த காட்சிசாலை வாகனம், நானும் போயிருந்த ஒரு நாளில் அவர் வீட்டு வாசலில் நின்றது. சேகரிப்புப் பிரிவிலிருந்து இளம் பெண் ஒருத்தி இறங்கினாள். பெட்டியைத் திறந்ததும் பூத்துப்போன தேயிலை நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. வில்லைகள் கறுத்து, வெளிர்பச்சை மாவு பூசிக் கிடந்தன. அவள் கையால் தொடவில்லை. பேனாவின் முனையால் ஒன்றைப் புரட்டினாள்.

"அங்கிள், இது காசா, பூஞ்சணம் பிடிச்ச பிஸ்கட்டா?" என்றாள் சிங்களத்தில்.

டிரைவர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தால் கூடச் சிரிப்பது எங்கள் வளர்ப்பு. இந்தப் பச்சை மற்றப் பொருட்களுக்கும் பரவும், உள்ளே எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, தேநீர் பிரமாதம் என்று புகழ்ந்து அவள் போனாள்.

"எழுத்துல பதில் வர்ற வரைக்கும் ஒண்ணும் செஞ்சிராதீங்க அண்ணே. வாயால சொன்னது உத்தரவு இல்ல" என்றேன்.

"ஆப்பீசரய்யா, ஒங்களுக்குக் கடுதாசி வர்றதுக்குள்ள எனக்குக் கருமாதியே வந்துரும்."

தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் புதிய மணி வார்க்கப் பழைய பித்தளை, செம்பு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுப்பவர் பெயரை மணியில் பொறிப்பார்களாம். அண்ணன் கோவில் கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். தலைவருக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை.

"அப்பா பேரப் போட்டுருவோங்க, அதுக்கென்ன" என்றார் அவர்.

அண்ணி வில்லைகளைக் குத்துவிளக்கு விளக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துத் துணியில் முடிந்து கொடுத்தார். விஷயம் எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் உலைக்குப் போயிருந்தது.

"பேர் போடுவோம்னு எழுதி வாங்குனீங்களா?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட ரசீது கேக்கச் சொல்றியா?"

மணி வந்தது. அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கோவிலுக்குத் தூக்கிப்போனார்கள். ஏற்றுவதற்கு முன் அவர் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே, நாற்காலியை நகர்த்தச் சொல்லிச் சொல்லி முழுச் சுற்றும் பார்த்தார். ஒரே ஒரு வரிதான் இருந்தது. உபயம் என்று போட்டு, தலைவர் பெயரும் அவர் குடும்பமும் கடையும்.

"எடம் பத்தலைங்க ஐயா" என்றார் தலைவர். "எல்லாரு பேரையும் போட்டா மணி முழுக்க எழுத்தாப் போயிரும். சத்தமும் அமுங்கிரும்னு பட்டறைக்காரரு சொன்னாரு."

அண்ணன் தலையாட்டினார். கயிற்றை முதலில் இழுக்கும் மரியாதையை அவருக்கே கொடுத்தார்கள். இழுக்க மூச்சு இல்லை. தலைவர் பின்னால் நின்று அவர் கையோடு சேர்த்து இழுத்தார், கைப்பேசியில் படம் எடுத்தார்கள். நல்ல சத்தம். செம்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று கூட்டத்தில் யாரோ சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அண்ணனை வீட்டுக்குத் தூக்கிவந்தோம். படுத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "பஸ் போயிரப் போவுது, கெளம்பு" என்றார்.

கொட்டகலையில் இறங்கி என் வீட்டுக்கு வந்தபோது மேசையில் நீளமான உறை இருந்தது. காட்சிசாலையில் பழம்பொருட்களைப் பேணும் பாதுகாப்புப் பிரிவு எழுதியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் கண்ட மிகச் சிறந்த அலுவலகக் கடிதம். கெட்டிச் சிமிழ்தான் சரி, உள்ளே வில்லையின் அளவுக்கு வெட்டிய பஞ்சு வளையம் வைத்தால் குலுங்காது. பலகைப் பெட்டி கூடவே கூடாது. பச்சை மாவு கண்டிருந்தால் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம், குணப்படுத்தலாம், அப்படியே கொண்டு வந்தால் இலவசமாகச் செய்து பெற்றுக்கொள்கிறோம். கடைசிப் பந்தியில், அட்டையில் யாருடைய பெயரை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

முன்பக்கத்து மேல் மூலையில், என் பழைய பழக்கப்படி, கிடைத்த நாளைக் குறித்து வைத்தேன்: வெள்ளிக்கிழமை, கோவில் மணி முதன்முதலாக அடித்த நாள்.