மோனா குரைத்த இடம்

பேய், சகுனம், அருள்வாக்கு எதுவும் எனக்கு ஒத்துவராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்த பிறகு நீங்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வை எனக்குத் தெரியும், வீட்டிலும் அதே பார்வைதான். இருபத்திரண்டு வருடம் போலீஸ் நாய்ப்பிரிவில் இருந்தவன் நான். கிள்ளானைத் தாண்டி, தொழிற்சாலையும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமும் மாறி மாறி வருகிற ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். ஆறு நாய்கள், ஏழு ஆட்கள், மழை பெய்தால் உள்ளேயும் பெய்கிற ஒரு வேன். நான் நம்பியது மூக்கை மட்டும். நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் நாய் மோனா. தொலைந்துபோனவர்களைத் தேடும் நாய். உயிரோடு இருக்கிற ஆளை மோந்துவிட்டால் அந்த இடத்தில் நின்று, நான் போய்ச் சேரும்வரை குரைக்கும். செத்தவர்களை அது காட்டாது, அதற்கு வேறு நாய், வேறு பயிற்சி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி தூக்கம் வராதபோது நான் யோசிப்பது இதைத்தான்.

ராமையா என்று ஒரு பெரியவர், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. காலையில் செருப்பு போடாமல் வீட்டை விட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்கள். அவருடைய மகள் பார்வதி தொழிற்சாலைச் சீருடையோடு செம்பனைத் தோட்டத்து முனையில் நின்றிருந்தாள். அவர் போர்த்திப் படுக்கிற துண்டை மோனா மோந்து பார்க்கக் கொடுத்தாள்.

"அண்ணே, இது கண்டுபிடிச்சிருமாண்ணே?"

"கண்டுபிடிச்சிரும்மா. நீ வீட்டுக்குப் போய் ஏதாச்சும் சாப்பிடு."

மூன்று மணி நேரம் தேடினோம். வெயில் என்றால் வெயில், தோட்டத்துக்குள் காற்றே இல்லாமல் உரமும் அழுகிய குலையும் சேர்ந்து புழுங்கிய வெயில். மோனா நாக்கைத் தொங்கப்போட்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தேடித் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் நாய்க்கு மனசு விட்டுப்போகும், அடுத்த முறை உயிரைக் கொடுத்துத் தேடாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் போய் ஒளிந்துகொள்வான், நாய் அவனைக் 'கண்டுபிடிக்கும்', பந்து கொடுத்துக் கொஞ்சுவோம், அது சந்தோஷமாக வேனில் ஏறும். எங்கள் பிரிவு குணாவுக்குப் போன் போட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய பம்பு அறையில் ஒளியச் சொன்னேன்.

"மறுபடியும் நானா மச்சான்? போன தடவை கடிச்ச எறும்பு இன்னும் சிலுவார் காலுக்குள்ளதான் குடித்தனம் பண்ணுது லா."

"வாடகை வாங்கு. போடா."

பத்து நிமிடம் இருக்கும். வாய்க்கால் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த மோனா சட்டென்று கயிற்றை இழுத்துக்கொண்டு இடதுபக்கம் பாய்ந்தது. ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடி மண்டிய பள்ளம். அதன் விளிம்பில் நின்று குரைத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு விடாமல்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குணா இந்த வழியாகத்தான் நடந்து போயிருக்கிறான், அவன் வாடையைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் ஒரு துண்டு நிலம் தேட வேண்டியிருந்தது. நாயின் ஈரம் பட்டால் மதப்படி ஆகாது என்று மலாய்க்கார இன்ஸ்பெக்டர் நாற்பது அடி தள்ளி, வெயிலுக்குக் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் ஒளிந்து விளையாடுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் கேலியாகிவிடும். கயிற்றைச் சுண்டி இழுத்தேன். மோனா வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், கழுத்து திருகும் அளவுக்கு. அது என்னை ஒரு பார்வை பார்த்தது.

"அங்கே என்ன?" என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார்.

"உடும்பு, துவான்."

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை.

மிச்சத்தையும் தேடி முடித்துப் பம்பு அறைக்குப் போனோம். குணா வெளியே வந்தான், மோனா குரைக்கவே இல்லை, கொடுத்த பந்தையும் வாயில் வாங்கவில்லை. அவனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், வாய்க்கால் ஓரமாகத்தானே வந்தாய் என்று.

"எனக்கென்ன பைத்தியமா? மோட்டார்ல மெயின் ரோட்டைச் சுத்தி வந்தேன்."

அந்த நொடி எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. திரும்பிப் போயிருந்தால் எட்டு நிமிட நடை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர் காரில் ஏறிவிட்டார், போய் அவர் கண்ணாடியைத் தட்டி, துவான், நான் பொய் சொன்னேன், நாயை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். உடும்பாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேன் கதவைச் சாத்தினேன். மாலை ஏழு மணிக்கு, கொட்டுகிற மழையில், மோனாவைக் கூண்டில் பூட்டிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன்: நாய் எந்த இடத்தையும் சுட்டவில்லை.

நான்காம் நாள் குலை வெட்டப் போனவர்கள் ராமையாவைக் கண்டார்கள். அதே பள்ளம், அதே பெரணி. இடுப்பெலும்பு முறிந்து கிடந்திருக்கிறார். நாங்கள் தேடிய நாளுக்கு மறுநாள்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஆமாம், 'சொன்னாராம்'தான். நான் நேரில் போய்க் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இது தொடங்கியது. பயிற்சித் திடலில் வரிசையாக ஐந்து பெட்டிகள், ஒன்றில் ஆள் இருப்பான். மோனா எல்லாப் பெட்டியையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து குரைத்தது. என் முகத்தைப் பார்த்து இல்லை. எனக்கு இடதுபக்கம், ஒரு முழம் தள்ளி, காலியாக இருந்த இடத்தைப் பார்த்து. என் மேல் கோபம் போல என்று குணா சிரித்தான், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு வெளிநாட்டிலிருந்து புது நாய் ஒன்று வந்தது, என்னையும் தெரியாது, அந்தத் தோட்டத்தையும் தெரியாது. முதல் நாள், முதல் ஓட்டம். நேராக வந்தது, அதே இடதுபக்கம் நின்றது, குரைத்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டுபிடித்த நாய் பந்துக்காக ஆட்டுகிற ஆட்டம் அது. அதைக் கையாளும் ஹேண்ட்லர் சின்னப் பையன், வழக்கப்படி போய்ப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லையே அங்கிள்" என்று தலையைச் சொறிந்தான். நம்பினால் நம்புங்கள், என் இடது கைமுடி எல்லாம் எழுந்து நின்றது. பக்கத்தில் யாரோ ஓடிவந்து மூச்சு வாங்குகிற சூடு.

ராமையாதான் என்று நினைத்தேன். செத்தவரை இந்த நாய்கள் காட்டாதே என்று புத்தி சொல்லியும், அவர்தான் என்று நினைத்தேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறினேன், மொட்டை போட்டேன், ஒன்றும் இறங்கவில்லை. மோனாவுக்கு ஓய்வு கொடுத்து என்னோடு வீட்டுக்கு அனுப்பிய வாரம், இனி முடியாது என்று பார்வதி வீட்டைத் தேடிப் போனேன். வேலை போகட்டும், வழக்குப் போடட்டும், செருப்பால் அடிக்கட்டும்.

கேட்டைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். உட்காரவைத்தாள். நான் எதையும் விடவில்லை. கயிற்றை இழுத்தது, உடும்பு, பம்பு அறை, ஏழு மணிக்கு எழுதிய வரி, எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு என்னைவிடப் பெரியவள்போலச் சிரித்தாள்.

"யாரையோ காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கிறீங்க, அண்ணே. எனக்குத் தெரியாதா? அன்னிக்கி நீங்க மட்டும்தானே வந்தீங்க."

"எங்கே வந்தேன்?"

"இங்கதான். நாயோட. ஏழு மணி, நான் சாமி வெளக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன், நல்ல மழை. நெஞ்சு வரைக்கும் சேறு. அப்பா வாய்க்கால் ஓரம் பள்ளத்துல இருக்காரு, உயிர் இருக்கு, என்னால தனியாத் தூக்க முடியல, இன்னும் ஒரு ஆள் வேணும்னு கேட்டுக்கு வெளிய நின்னு அழுதீங்க. நான் சாவி எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள காணோம். ஸ்டேஷனுக்குப் போன் பண்ணேன். நாய் பார்த்துட்டுது, ஒண்ணும் இல்லைன்னு ரிப்போட் வந்திருக்குன்னு சொல்லிட்டாங்க. நானும் பக்கத்து வீட்டு அங்கிளும் டார்ச் அடிச்சுக்கிட்டுத் தேடினோம். எந்தப் பள்ளம்னு தெரியலையே அண்ணே. அவங்கள நான் மன்னிக்கவே மாட்டேன். உங்கள அப்படிச் சொல்லுவேனா?"

ஏழு மணிக்கு நான் மேசையில் இருந்தேன். கூண்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது. அவள் போன் செய்தபோது ஸ்டேஷனில் எடுத்துப் பார்த்தது, மை காயாத என் தாளை.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டின் முறுக்கு வருகிறது. நான் தொடுவதில்லை, அது எனக்கு வந்ததல்ல, அன்று அவள் வாசலில் நின்றவனுக்கு வந்தது.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்க்கிறேன். மோனா செத்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ராமையாவின் திதி. மறுநாள் காலை, வேலை இடத்தில் இருந்தபோது பார்வதி போன் செய்தாள். குரலில் உரிமையான கோபம்.

"ஏண்ணே, நேத்து வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போயிட்டீங்க? உடம்பு ஏதும் சரியில்லையா? நாயும் நீங்களும் அப்படி நனைஞ்சு நிக்கிறீங்க, வெளிய ஒரு சொட்டு மழை இல்ல."

நான் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு ஆள் வேணும், வரச் சொல்லும்மா, வரச் சொல்லும்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. யாரைண்ணே நான் வரச் சொல்றது?"