பாலைவன ரோஜாவுடன் பல்லாவரம் வரை

வெள்ளிக்கிழமை காலை 9.10. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். மடியில் ஒரு தொட்டி. பல்லாவரம் மூன்றாவது நிறுத்தம். கட்டணம் ஐந்து ரூபாய்.

தொட்டியில் இருந்தது பாலைவன ரோஜா. அரேபியாவின் வறண்ட மலைகளில், பாறை இடுக்கில் தானாக முளைக்கும் செடி. பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு இளஞ்சிவப்பாகப் பூக்கும். இப்போது அதில் ஓர் இலைகூட இல்லை.

செடி எதிர்வீட்டு நிர்மலா டீச்சருடையது. ஓமானில் வேலை பார்த்த அவர் கணவர், தம் கடைசி விடுமுறையில் விரல் நீளக் கன்றாகக் கொண்டுவந்தது. மகள் வீட்டுக்குப் போகும்போது, "வாரம் ஒரு டம்ளர் போதும்" என்று தம் வாசலிலேயே வைத்து, என் பொறுப்பில் விட்டுப்போனார். ஞாயிறு திரும்புகிறார். நான் ஒரு டம்ளர்தான் ஊற்றினேன். கீழ்வீட்டு அம்மா அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வாட்ச்மேன் தினமும் ஒரு மக். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குப் போனவர் செடியைக் காயவிட எங்கள் காலனியில் யாருக்கும் மனம் வராது.

9.40. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. செடி பிழைக்குமா என்று கேட்கத்தான் வந்தேன். முதல் செடிக்கடைக்காரர் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், டெய்லி குளிப்பாட்டிக்கினு இருந்தியா? செத்துப்போச்சு. இதே மாரி கீது பாரு, முந்நூறு ரூபா. தூக்கிக்கினு போ."

உண்மையிலேயே அதே மாதிரிதான் இருந்தது. கை ஒரு கணம் பைக்குள் போனது.

பக்கத்துக் கடை அக்கா தண்டை அழுத்திப் பார்த்தார். "சாவல சார். மேல கல்லு மாரி கீது, அடியிலதான் கொழகொழன்னு கீது." கேட்பதற்குள் பிடுங்கி, அழுகிய பக்கத்தைச் சீவிவிட்டார். "நிழல்ல தலைகீழா தொங்கவுடு. காயட்டும்."

"அக்கா பேச்சக் கேக்காத சார்! போன வாரம் அவங்களுதே அழுகிப்போச்சு!"

"நீ உன் வியாபாரத்தப் பாருடா!"

யாரை நம்புவது?

திரும்பும் ரயிலில் டீச்சரே போன் செய்தார்.

"இலை கொட்டிடுச்சா? பனி வந்தா கொட்டும். பயப்படாதீங்க."

"அடியில கொஞ்சம் வெட்டிட்டோம், டீச்சர்."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"முக்கால்வாசி."

"அது போதும். நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க."

சீவியது சரியா, தவறா? இன்னும் தெரியவில்லை. செடியை என் பால்கனியில் துணிக்கொடியில் தலைகீழாகக் கட்டினேன். காலித் தொட்டியை டீச்சர் வாசலிலேயே வைத்தேன்.

சனிக்கிழமை காலை 6.30. பால் வாங்கக் கதவைத் திறந்தேன். தொட்டியில் வெறும் மண்தான். அதற்கும் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.