சுறாவுக்குப் போட்ட அரக்கு முத்திரை

சாந்தோம் குப்பத்துத் தேசம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் கடலோடு போய்விட்டான். இரண்டு பெண்களையும் மீன் விற்றே கட்டிக்கொடுத்தாள். கச்சேரி ரோடு கடலைப் பார்த்து முடிகிற முனையில், பூவரச மரத்தடிதான் அவள் இடம். மயிலாப்பூரில் மீன் தின்கிறவர்கள், தின்பதை வெளியே சொல்லாதவர்கள், இரண்டு கட்சியும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

முப்பத்துநாலாம் வருஷம் முருகையன் என்ற கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் மாற்றலாகி வந்தான். வடாற்காட்டு மேட்டு நிலத்து ஆள். மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறான். தினம் ஒரு சங்கரா, ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் என்று துண்டில் முடிந்துகொண்டு போவான். சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது, குழம்பு கொடுப்பதில்லை. அந்தக் குறையை அவனே சரிசெய்துகொண்டான்.

தேசம்மா பொறுத்துக்கொண்டாள். போணிக்கு முன்னால் மட்டும் முடியாது. முதல் மீன் இனாமாய்ப் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். பாதிரியாரே வந்து கேட்டாலும் கிடைக்காது.

ஒரு நாள் அவன் விடிந்ததும் வந்து கூடையில் கைவைத்தான்.

"கைய எடு நைனா. இன்னும் போணி ஆவல."

"சர்க்காருக்கே போணி சொல்றியா?"

"சர்க்காரு வந்தா சொல்லிக்கிறேன். நீ இன்னா, அவரு தலைப்பாவா?"

நின்றிருந்த நாலு பேர் சிரித்துத் தொலைத்தார்கள். முருகையன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். பாதையை அடைத்து வியாபாரம் செய்ததாகக் கேஸ். கோர்ட்டில் ருசுவானால் அந்த முனையில் அவள் இனிமேல் உட்கார முடியாது. தேசம்மாவின் முகம் அப்போதுதான் சுருங்கியது. மற்ற முனைகளிலெல்லாம் மற்றப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் எங்கே போவாள்?

கேஸ் என்றால் கோர்ட்டில் சாட்சியாகக் காட்டத் தொண்டிப் பொருள் ஒன்று வேண்டுமே. இரண்டு கூடை இருந்தன. ஒன்றில் இருந்த பச்சை மீன் சாயங்காலமே கெட்டுவிடும் என்கிற அளவுக்கு முருகையனுக்கு அறிவு இருந்தது. மற்றதில், முந்தின நாள் மிஞ்சிய சுறாவைக் கீறி உப்புத் தடவி, மணலில் உலர்த்துவதற்காக ஓலை மூடி வைத்திருந்தாள்.

"கருவாடுதானே? வருஷக்கணக்கா கெடாது" என்று அதைத் தூக்கினான்.

அது இன்னும் கருவாடு ஆகவில்லை. நாலு நாள் வெயிலில் புரட்டினால்தான் ஆகும். மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். தேசம்மா சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"நல்லா அழுத்தி முத்திரை வெச்சிக்க நைனா" என்றாள்.

கூடையைச் சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை போட்டு, ஸ்டேஷனில் பூட்டினார்கள். கோர்ட்டு பன்னிரண்டு நாள் தள்ளி. சித்திரை மாதம்.

மூன்றாம் நாள் ரைட்டர் மேஜையை வராந்தாவுக்கு மாற்றினார். ஐந்தாம் நாள், லாக்கப்பில் இருந்த சைக்கிள் திருடன் கேட்காத குற்றத்தையெல்லாம் ஒப்புக்கொண்டு, உடனே ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி அழுதான். தொண்டியை எறியவும் கூடாது, முத்திரையை உடைக்கவும் கூடாது. சட்டம் அப்படி. சப் இன்ஸ்பெக்டர் சுப்பராமன் ஆறாம் நாள் தேசம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மூக்கில் துண்டு.

"இந்தாம்மா, உன் கூடையை எடுத்துண்டு போயிடு. ஆத்துல என்னைக் கிணத்தடி தாண்டி உள்ளே விடமாட்டேங்கறா."

"முத்திரை கீதே சாமி. நான் தொட்டா அதுக்கு ஒரு கேஸு போடுவாரு."

"முத்திரையை நானே உடைக்கச் சொல்றேன்."

"அப்போ கேஸு? எனுக்கு ஒண்ணும் அவசரமில்ல சாமி. கோர்ட்டுல எஜமானருங்கோ மூஞ்சிக்கு நேரா வெச்சித் தொறக்கட்டும்."

சுப்பராமன் அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கேஸ் காகிதத்தைக் கிழித்தார். தவறுதலாய் எழுதப்பட்டது என்று புத்தகத்தில் குறித்தார்.

தேசம்மா அப்போதும் கூடையைத் தொடவில்லை. "தூக்கினு வந்தவரே தூக்கினு போவட்டும்."

"முருகையா!" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

கச்சேரி ரோடு நெடுக முருகையன் தலையில் கூடை. காக்கிச் சட்டையில் சுறாத் தண்ணீர். பின்னால் ஏழெட்டு நாய். முன்னால் தேசம்மா, வெற்றிலை மென்றுகொண்டு. மீனைக் கடலில் கொட்டி, கூடையை மூன்று தரம் கழுவி, மரத்தடியில் போட்டுவிட்டு அவன் திரும்பினான்.

"இன்னா அப்டியே போட்டுட்டுப் போற? நேரா வை."

வைத்தான்.

"இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கமா."

நகர்த்தினான். போலீஸ் கை வைத்த அதே இடத்தில் தேசம்மா இன்னும் பதினோரு வருஷம் மீன் விற்றாள், முன்னைவிட ஒரு முழம் ரோட்டுக்குள்ளே.