முந்தானைக்குள் டப்பா கேமரா

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்ததால் எனக்குத் தவறே வராது என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதை எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது. வீட்டில் எதிர்த்துப் பேசித் தோற்றுப்போனவர் என் வீட்டுக்காரர். ரிட்டயர் ஆன பிறகு ஒரு டப்பா வந்து என்னை நாள் தவறாமல் தவறு செய்ய வைத்தது.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஓடாத சுவர்க் கடிகாரங்களுக்கு நடுவே அது கிடந்தது. அந்தக் காலத்து டப்பா கேமரா. கறுப்புத் தோல் ஒட்டிய சதுரப் பெட்டி, முன்னால் ஒரு கண், பக்கத்தில் ஒரு விசை, அவ்வளவுதான். விற்றவர், "ஷோகேஸ்ல வைங்கம்மா, அழகா இருக்கும்" என்றார். ஷோகேஸில் வைக்கவா வாங்குகிறேன் என்று அவரிடம் ரோஷமாகச் சொல்லிவிட்டேன். அதனால் அதில் படம் எடுத்தே தீர வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மொளகாத்தூள் போட்டு வைக்கலாம்" என்றார்.

அதற்கான ஃபிலிம் சுருள் இன்னமும் கிடைக்கிறது. இணையத்தில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடும். ஒரு சுருளுக்கு எட்டே படம். முதல் சுருள் சரியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக நடுவில் பின்மூடியைத் திறந்தேன். எட்டும் வெளுத்துப் போயின. இரண்டாவது சுருளில் மூடியைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு படம் எடுத்ததும் திருகிச் சுருளை நகர்த்த வேண்டும் என்பதை மறந்து, ஒரே இடத்தில் எங்கள் மாடிப்படியையும் எதிர்வீட்டு எருமையையும் சேர்த்து எடுத்தேன். எருமை படியேறுவது போலத் தெரிந்தது. மாணவியாக இருந்தால் என்னை நானே பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

இந்தக் கேமராவைக் கண்ணருகே வைக்கக் கூடாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கட்டைவிரல் நகமளவுக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். வெயிலில் அதுவும் தெரியாது. நான் முந்தானையை இழுத்துக் கேமராவின் மேல் கூரை மாதிரி போட்டுக்கொள்வேன். முன்னால் அந்த ஒற்றைக் கண் மட்டும் எட்டிப் பார்க்கும்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் ரெட்டியார்பாளையம், அவள் மூலக்குளம். ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீடு சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், பையனுக்கு பாரிஸில் வேலை. அக்கா பூரித்துப்போய், "எம் பொண்ணு எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ப்ளஸ் டூ கணக்குல ஃபெயிலு. திரும்ப எழுதித்தான் பாஸ்" என்று திருத்தினேன். பெண் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு ட்யூஷன் எடுத்தது நான்தான் என்பதை மட்டும் ஏனோ அந்தச் சபையில் சொல்லவில்லை.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் கூடப்பிறந்தவளுக்குத் தபாலில் பத்திரிகை! நான் போகவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று மூன்று வருஷம் சமையலறைச் சுவரிடம் வாதாடினேன். சுவர் ஒத்துக்கொண்டது. தீபாவளிக்கு அதிரசம் சுட்டால் மட்டும் அக்கா வீட்டுப் பங்கைக் கை தானாகத் தனியே எடுத்து வைத்துவிடும். நாலு நாள் பார்த்துவிட்டு அதையும் நானே தின்பேன். அவள் இல்லாமல் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை.

மூன்றாவது சுருளைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் காலை தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று வீட்டில் சொன்னேன். டாக்டர் சொல்லி அக்கா அங்கேதான் நடக்க வருகிறாள் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லியிருந்ததை வீட்டில் சொல்லவில்லை. எனக்கே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறு படம் முடிந்து ஏழாவதுக்கு ஒரு பெரிய மரத்தைக் குறி வைத்து நின்றேன். கண்ணாடியின் ஓரத்தில் யாரோ நடந்து வந்தார்கள். வெங்காயத்தோல் நிறப் புடவை, வலது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. ஆயிரம் பேருக்கு நடுவிலும் எனக்குத் தெரியும் நடை. அவளை விட்டு விலகிவிடலாம் என்று கேமராவைத் திருப்பினேன். இடம் வலம் மாறும் சங்கதி அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. விலகுவதற்குப் பதில் அவள் நட்டநடுவே வந்து நின்றாள். இன்னும் திருப்பினேன், இன்னும் சரியாக வந்தாள். விரல் எப்போது விசையைத் தட்டியது என்று தெரியாது. 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது.

நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் நிமிரவே இல்லை. ரொம்ப அக்கறையாகப் படம் பிடிப்பவள் போலக் குனிந்தபடியே நின்றேன். கண்ணாடி முழுக்கப் புடவையாயிற்று, பிறகு இருட்டாயிற்று. என் செருப்புக்கு எதிரே அவளுடைய கேன்வாஸ் ஷூ வந்து நின்றது.

"எவ்ளோ நேரம்டி இப்படித் தலைய குனிஞ்சிட்டே நிப்ப?" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "போதும், நிமிரு. எம்மேலயும் தப்புதான். பத்திரிக்கைய நேர்ல வந்து வச்சிருக்கணும். மன்னிச்சிடு."

நடக்கும்போது வேர்த்து வழுக்குகிறது என்று அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவள். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தலை குனிந்து, முந்தானைக்குள் கை கட்டி நிற்கும் தங்கச்சி. நடுப்பூங்காவில், நாலு பேர் பார்க்க. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெட்டி என் விலா எலும்பைக் குத்திக்கொண்டிருந்தது. "அக்கா, இது கேமரா" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் அழுதேன். அழுகையை நிறுத்தாமலே கேமராவை நைசாகப் பைக்குள் தள்ளினேன்.

மறுநாளே போக்குவரத்து ஆரம்பித்துவிட்டது. அக்கா வீட்டுக் கருவாட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டு இட்லிப்பொடி அங்கே போனது. கூடவே ஊருக்கெல்லாம் ஒரு சேதியும் போனது. "எந் தங்கச்சி வந்து தல குனிஞ்சி நின்னா தெரியுமா, வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல" என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் அக்கா சொன்னாள். ஆளாளுக்குப் போன் செய்து என் பெரிய மனசைப் பாராட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் யாரிடமும் மன்னிப்பே கேட்கவில்லையே! அதற்குள் பாரிஸிலிருந்து அக்கா மகளும் செய்தி அனுப்பினாள்: "அம்மா சொன்னாங்க சித்தி. சந்தோஷமா இருக்கு." பார்த்து எழுதிய விடைத்தாளுக்கு நூற்றுக்கு நூறு வாங்கினவள் மாதிரி அன்று முழுக்க வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, சென்னையில் கழுவக் கொடுத்திருந்த சுருள் படங்களாகத் திரும்பி வந்தது. ஏழாவது படம் நன்றாக விழுந்திருந்தது. என் வாழ்நாளில் நான் ஒழுங்காக எடுத்த ஒரே படம். மரத்தடியில் அக்கா வருகிறாள். கை அசைந்து கலங்கியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. அப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். குனிந்து நின்ற நான் பார்க்காத முகம் அது. அதை யாரிடமும் காட்ட முடியாது. காட்டினால் எப்போது எடுத்தாய், எதனால் எடுத்தாய் என்று கேள்வி வரும். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை பீரோவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர், "புதுப் புடவையா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் படத்தை எடுத்துக்கொண்டு மூலக்குளம் போனேன். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நானா இது? எங்க எடுத்தது?"

"அன்னிக்கி பூங்காவுல. நான் தல குனிஞ்சது மன்னிப்பு கேக்கறதுக்கு இல்லக்கா. முந்தானைக்குள்ள கேமரா இருந்துச்சி. படம் எடுத்துட்டிருந்தேன்."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப, மன்னிப்பு கேட்டது நான் மட்டுந்தானா?"

"ஆமாக்கா."

"ஊரெல்லாம் சொல்லிட்டனேடி, பாவி!"

விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. இன்னொரு மூன்று வருஷம் என்று கணக்குப் போட்டேன். மேஜை மேல் படம் கிடந்தது. நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே அந்த முகம் என்னை நோக்கி வந்திருக்கிறது. நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. எழுந்து உள்ளே போனேன்.

"மன்னிச்சிடுக்கா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன் என்பதும் பின்னாலேயே நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். "சபையில அத சொல்லியிருக்கக் கூடாது. உன்ன அசிங்கப்படுத்திட்டேன்."

அக்கா திரும்பவில்லை. தேய்த்த கரண்டியையே இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தாள்.

"எங்கிட்ட எதுக்குடி சொல்ற? நான் கத்துவேன், நாலு நாள்ல மறந்துடுவேன். உள்ள போயி கதவ சாத்திக்கிட்டு அழுதது நானா?"

ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மகள் எண்ணைப் போட்டு என் கையில் திணித்தாள். அது அங்கே அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கட் செய்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை.

"அலோ, சொல்லும்மா."

"அம்மா இல்ல. சித்தி."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க சித்தி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பரவாயில்லை என்றோ விடுங்கள் என்றோ சொல்லவில்லை. மூன்று வருஷமாக நான் சொல்லப்போவதைக் கேட்பதற்கென்றே இருந்தவள் மாதிரி காத்திருந்தாள்.

அக்கா ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்று குக்கரை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன்.